கதகதப்புக்கு எத்தனை டிகிரி

சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கலாங்களா? காரவள்ளி தாண்டி பஸ்ஸு மலை ஏறிட்டா காத்து வேற மாதிரி வரும். கீழ நாமக்கல்லுல இன்னிக்கு ஃபாரன்ஹீட்டுல எண்பத்தி நாலு. மேல செம்மேட்டுல அறுபது தாண்டாது. ஒண்ணரை மணி நேரத்துல இருபத்தி நாலு டிகிரி எறங்கினா எந்த உடம்பு தாங்கும், சொல்லுங்க.

இல்லைங்க, பையை மேல வைக்க முடியாது. மடியிலயே இருக்கட்டும். கண்டக்டரும் அதைத்தான் கேட்டாரு. வெடிகிடி ஒண்ணும் இல்லை. பல்பு. இருநூறு வாட்ஸ் குண்டு பல்பு நாலு, பேப்பர்ல சுத்தி வெச்சிருக்கேன். இப்பல்லாம் கடையில கேட்டா சிரிக்கறாங்க. எல்லாம் எல்.இ.டி. ஆயிருச்சு. அது வெளிச்சம் குடுக்கும், சூடு குடுக்காது. எனக்கு வெளிச்சம் வேண்டாங்க.

கோழிப் பண்ணையில வேலை. பேரு வையாபுரி. புதுச்சத்திரத்துப் பக்கம் போய்க் குஞ்சு ஷெட்டு வையாபுரின்னு கேட்டா வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருவாங்க. பத்தொம்பது வருசம் குஞ்சு மட்டும்தான். பெரிய கோழிப் பக்கமே போறதில்லை. பெரிய கோழியை யாரு வேணும்னாலும் பார்த்துக்கலாம். குஞ்சுக்கு ஆள் வேணும்.

முட்டையை மெஷின்ல பொரிக்கறாங்க. ஒரு நாள் ஆன குஞ்சு பெட்டியில வந்து எறங்குது. அதுக்குத் தாய் கிடையாது. பல்புதான் தாய். தகரத்தை வட்டமாக் கட்டி, நடுவுல பல்பைத் தொங்க விட்டு, சுத்திப் படுதாவை எறக்கிருவோம். மொத வாரம் தொண்ணூத்தஞ்சு டிகிரி. அடுத்த வாரம் தொண்ணூறு. அப்படியே வாரத்துக்கு அஞ்சு குறைக்கோணும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, புதுசா வர்றவன் தெர்மாமீட்டரைப் பார்ப்பான். நான் குஞ்சைப் பார்ப்பேன்.

எங்க நிக்குதுன்னு பார்க்கோணும். அவ்வளவுதான் வித்தை. பல்புக்கடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நின்னா, குளிருது. எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கினா, எதிர்ப்பக்கம் காத்து நுழையுது. பல்பை விட்டு விலகித் தகரத்தோரமாப் போய், ரெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வாயைத் திறந்து நின்னா, சூடு சாஸ்தி. பொரியை எறைச்ச மாதிரி எல்லாப் பக்கமும் பரவிக் கெடந்தா, சரியா இருக்குது. கம்பெனி டாக்டரே ஷெட்டுக்குள்ள வந்ததும், "வையாபுரி, குஞ்சு என்ன சொல்லுது?"ன்னுதான் கேப்பாரு. தெர்மாமீட்டர் பொய் சொல்லும். குஞ்சு பொய் சொல்லாதுங்க.

ஆமாங்க, எலுமிச்சம்பழத்தை மோந்துக்கோங்க. மலைப் பாதை பழக்கமில்லாதவங்களுக்கு அதுதான் நல்லது. இப்ப மூணாவது வளைவு. மொத்தம் எழுபது. கல்லுல எழுதியிருக்கும் பாருங்க. சன்னலைத் திறந்தா வாந்தி நிக்கும்னு சொல்வாங்க, அதெல்லாம் சும்மா. எதிர்காத்து நெஞ்சுல அடிச்சா இன்னும் பிரட்டும்.

பல்பு எதுக்குன்னு கேட்டீங்க. என் பொண்ணுக்கு. பொறந்து இருபத்தி ஆறு நாள் ஆகுது. பொறக்கும்போது ரெண்டு கிலோ நூறு கிராம். நாமக்கல் பெரியாஸ்பத்திரியில பொறந்துச்சு, நாலாம் நாள் வீட்டுக்கு வந்துட்டோம். என் சம்சாரம் கோகிலாவுக்கு அப்பா அம்மா இல்லை. ஒரே தம்பி, கிருபாகரன். செம்மேட்டுல மிளகுத் தோட்டம் ஒண்ணுல மேற்பார்வை பார்க்கறான். அதனால பிள்ளைப்பேறு எங்க வீட்டுலயே. பூண்டுக் குழம்பு நான்தான் வெச்சேன். வெந்நீர் நான்தான் போட்டேன். எந்தப் புருசன் செய்வான்? அதையெல்லாம் யாரும் பேச மாட்டாங்க.

அஞ்சாம் நாள் எங்க ஊர் நர்சம்மா வந்தாங்க. ஜெபமணின்னு பேரு. ஸ்கூட்டியில வருவாங்க. குழந்தையைத் தொட்டுப் பார்த்துட்டு, "எடை கம்மி. குளிர விடாதீங்க, கதகதப்பா வெச்சுக்கோங்க"ன்னாங்க.

நான் கேட்டேன், "கதகதப்புன்னா எத்தனை டிகிரிங்க?"

"டிகிரி எல்லாம் பின்னால காலேஜுல போட்டுப் படிக்க வெச்சுக்கலாம்"னு அவுங்க சிரிச்சாங்க. கோகிலாவும் சிரிச்சா. நான் சிரிக்கலை. பென்சிலும் பேப்பருமா நிக்கறவனைப் பார்த்துப் பேசற பேச்சா அது? மறுபடியும் கேட்டேன்.

"வயித்துலயும் காலுலயும் கையை வெச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே மாதிரி இளஞ்சூடா இருந்தாச் சரி. கால் சில்லுன்னு இருந்தா அம்மா நெஞ்சோட சேர்த்து வைக்கோணும். நீங்களும் வைக்கலாம். சட்டையைக் கழட்டிட்டு, குழந்தையை நெஞ்சு மேல படுக்க வெச்சு, மேல ஒரு துணியைப் போத்திக்கோங்க. ஒரு மணி நேரம் அப்படியே உக்காருங்க. அதுக்கு மேல ஒரு வைத்தியமும் வேண்டாம்."

நம்பர் இல்லாத பேச்சுங்க எல்லாம். இளஞ்சூடுன்னா என்ன? என் கைக்கு இளஞ்சூடு உங்க கைக்குச் சுடும். பத்தொம்பது வருசமா பல்பை மாத்தின கை இது. இதுல தோலே மரத்துப் போச்சு. அப்புறம் நெஞ்சு. என் நெஞ்சு எத்தனை டிகிரின்னு யாரு பார்த்தா? பார்க்காத அடுப்பு மேல போய்ப் பிள்ளையை வைக்கறதா?

எனக்குத் தெரிஞ்ச நம்பர் ஒண்ணுதான். தொண்ணூத்தஞ்சு.

அன்னிக்கு மத்தியானமே வேலையை ஆரம்பிச்சேன். பத்துக்குப் பத்து அறை. ரெண்டு சன்னலுக்கும் ஷெட்டுப் படுதாவை இறுக்கிக் கட்டினேன். மேல தகரத் தொப்பி போட்டு மூணு பல்பு. தொட்டில் உயரத்துக்குத் தெர்மாமீட்டர். ஃபேன் சுவிட்சு மேல டேப்பை ஒட்டிட்டேன். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ், மூணு சுத்துத் துணி, மேல கம்பளி. கதவுக்கு வெளிப்பக்கம் சார்ட்டு ஒண்ணு ஒட்டி, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா சூட்டை எழுதினேன். இதோ பாருங்க, கொண்டாந்திருக்கேன். ஒரு கட்டம் கூட விட்டுப் போகலை. தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தாறு. எந்த ஆஸ்பத்திரியில இப்படி இருக்கும்?

கோகிலாவும் உள்ளதான். பால் குடுக்கோணுமே. வெளிய போனா உடம்புல குளிர் ஏறும், அதோட வந்து குழந்தையைத் தூக்குவா. அதனால காலையில ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா, அஞ்சு அஞ்சு நிமிசம்.

பல்பு போட்ட மூணாம் நாள் கேட்டா. "ஏனுங்க, ஒரு பத்து நிமிசம் வாசல்ல நின்னுட்டு வரட்டுமா?"

"நீ கதவைத் திறந்தா ரெண்டு டிகிரி எறங்குது. திரும்ப ஏத்த முக்கால் மணி நேரம் ஆகுது."

"மூச்சு முட்டுதுங்க."

"குஞ்சுக்கு எல்லாம் முட்டுதா?"

"அப்ப நான் யாரு, குஞ்சா?"

"குஞ்சு நீ இல்லை. நீ ஆளு. ஆளுன்னா பொறுமை இருக்கோணும்."

தப்பாப் பேசிட்டேனுங்களா? இல்லைல்ல.

கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போட்டதைத்தான் இப்ப எல்லாரும் பெருசாப் பேசறாங்க. பூட்டி வெச்சேனாம். நடந்தது என்னன்னா, தைக் காத்துக்குக் கதவு தானாத் திறந்துக்குது. உள்தாழ் துருப் பிடிச்சுப் போய் விழ மாட்டேங்குது. அதனால வெளியில போட்டேன். அவ தட்டினா நான் திறப்பேன். நான் வீட்டுல இருந்தாத் திறப்பேன். ஷெட்டுக்குப் போனா ரெண்டு மணி நேரத்துல வந்துருவேன், சார்ட்டு எழுதோணுமில்ல. அதுக்குப் பேரு பூட்டறதா?

இருபத்தி ஒண்ணாவது வளைவு. மெதுவாத்தான் போவாங்க. எதிர்ல லாரி வந்தா நாமதான் ஒதுங்கோணும்.

உங்களுக்கு வேர்க்குதுங்களே. துண்டு தரட்டுமா? சன்னல் வேண்டாங்க, வேர்வையில காத்துப் படக் கூடாது. அதுதான் ஆபத்து.

கோகிலா ஒரு மாதிரி ஆயிட்டா. கட்டில் போட்டுக் குடுத்திருக்கேன், அதுல படுக்க மாட்டா. கதவோரமா வெறுந் தரையில வந்து படுத்துக்குவா. கதவுக்கடியில ஒரு விரல் சந்து இருக்கும். அந்தச் சந்துல முகத்தை வெச்சுக்கிட்டு, சேலைத் தலைப்பை விலக்கிப் போட்டுட்டு, வாயைத் திறந்தபடி கெடப்பா. நான் சார்ட்டு எழுத வந்தா என் காலுக்கு நேரா அவ மூச்சு படும். பிரசவமான பொம்பளைங்களுக்கு மனசு இப்படி ஆகும்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆனா அந்தச் சந்து வழியாக் காத்து நுழையுதுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சது. சாக்கை மடிச்சு அடைச்சுட்டேன்.

குழந்தை நல்லா இருந்துச்சு. அழுகையே இல்லை. பால் குடிக்கக் கூட எழுப்பித்தான் ஆகோணும். முகம் நல்லாச் செவந்து போய் இருந்துச்சு. சரியான சூட்டுல இருக்கற குஞ்சு சத்தம் போடாதுங்க.

நான் இன்னும் தூக்கலை. பண்ணைக் கை. கிருமி இருக்கும். தூரத்துல நின்னுதான் பார்த்துக்கறது.

மொதக் குழந்தையான்னு கேக்கறீங்களா? இல்லைங்க. ரெண்டாவது. மொதப் பையன் ஒருத்தன் இருந்தான். மூணு வருசம் ஆச்சு. நாலு நாள் இருந்தான்.

அது இவன் கிருபாகரன் பண்ணின வேலை. ஐப்பசி மாசம். நல்ல மழை. அந்தப் பையனும் ரெண்டு கிலோதான். மூணாம் நாள் வீட்டுக்குப் போகலாம்னு சொல்லிட்டாங்க. இவன் அக்காளையும் பிள்ளையையும் ஆட்டோவுல ஏத்தியிருக்கான். ரெண்டு பக்கமும் சாரல். பாதி வழியில ஆட்டோ தண்ணியில நின்னு போச்சு. இன்னொண்ணு கெடைக்கற வரைக்கும் முக்கால் மணி நேரம் கடை ஓரத்துல நின்னிருக்காங்க. பிள்ளையைச் சுத்தின துண்டு நனைஞ்சு போயிருக்கு. ஈரத் துண்டை எடுத்துட்டு வேற துணி சுத்தோணும்னு கூடத் தெரியலை அவனுக்கு. வீட்டுக்கு வந்து சேரும்போது கால் ரெண்டும் ஊற வெச்ச பாதாம் பிசின் மாதிரி சில்லுன்னு இருந்துச்சாம். திரும்ப ஓடியிருக்காங்க. மறு நாள் விடியக்குள்ள முடிஞ்சு போச்சு.

நானா? நான் வண்டி எடுத்துட்டு வர்றதாத்தான் இருந்துச்சு. பண்ணை வேன். சீட்டுல கம்பளி விரிச்சு, பாட்டில்ல சுடு தண்ணி ஊத்தி, எல்லாம் தயாரா வெச்சிருந்தேன். அன்னிக்குன்னு பார்த்து ஐயாயிரம் குஞ்சு வந்து எறங்குது. எறக்கி அரை மணி நேரத்துல கரண்டு போச்சு. ஜெனரேட்டர் கிளம்பலை. என்ன பண்றது சொல்லுங்க. கரி அடுப்பு மூட்டி, படுதாவை ரெண்டு மடிப்பா எறக்கி, ஒரு மூலையில குவியற குஞ்சைக் கையால கலைச்சுக் கலைச்சு விட்டேன். குவிஞ்சா அடியில இருக்கறது நசுங்கிரும். அஞ்சு மணி நேரம் நிமிரலை. ஐயாயிரத்துல பதினேழுதான் போச்சு. மழை நாள்ல, கரண்டு இல்லாம, பதினேழு. இன்னிக்கு வரைக்கும் எங்க பண்ணையில அதை யாரும் தாண்டலை.

கிருபாகரன் ஆறு தடவை போன் பண்ணியிருக்கான். போன் சட்டைப் பையில இருந்துச்சு. கை ரெண்டும் குஞ்சுல இருந்துச்சு.

ஆறு தடவை அடிக்கறவன், அந்த நேரத்துல துண்டை மாத்தியிருக்கலாமில்ல?

சரி, விடுங்க. முப்பத்தி எட்டாவது வளைவு. கீழ பாருங்க, வந்த பாதை நூல் மாதிரி கெடக்குது. கண்ணாடிக்குள்ள இருந்தே பாருங்க.

விட்ட இடத்துக்கு வர்றேன். பன்னெண்டாம் நாள் நர்சம்மா மறுபடி வந்தாங்க. நான் தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தேன். உள்ள காலை வெச்சதும் அவுங்க மூக்குக் கண்ணாடி முழுக்கப் புகை மாதிரி படிஞ்சிருச்சு. அப்படியே நின்னாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. மேல பார்த்தாங்க, படுதாவைப் பார்த்தாங்க, சார்ட்டைப் பார்த்தாங்க.

"இதுல எத்தனாயிரம் குஞ்சு விட்டிருக்கீங்க?"ன்னாங்க.

எனக்குக் கோபம் வந்துச்சு. அவுங்க தரையில உக்காந்து, குழந்தைக்குச் சுத்தியிருந்ததை ஒவ்வொண்ணாக் கழட்டினாங்க. கழுத்து, அக்குள் எல்லாம் வேர்க்குரு. அக்குள்ல தெர்மாமீட்டர் வெச்சாங்க. நூத்தி ஒண்ணு புள்ளி மூணு. காய்ச்சலான்னு கேட்டேன். "சூட்டை எறக்கிட்டுப் பார்த்தாத் தெரிஞ்சு போகும்"னாங்க. பல்பை அணைச்சு, படுதாவைக் கிழிக்காத குறையா அவுத்துப் போட்டாங்க. கோகிலாவைக் கூட்டிட்டுப் போய்க் கூடத்துல உக்கார வெச்சு, குழந்தைக்கு ஒரே ஒரு மெல்லிசுத் துணி போட்டுப் பால் குடுக்கச் சொன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தாங்க, கெடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு. மறுபடி வெச்சுப் பார்த்தா தொண்ணூத்தொம்பது. அப்புறம் தொண்ணூத்தி எட்டரை. குழந்தை நல்லாக் கத்துச்சு. கத்த வெச்சுட்டாங்க.

"எறங்காம இருந்திருந்தா இப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கோணும். அழாமப் பால் குடிக்காமத் தூங்குதே, அது உங்களுக்குத் தப்பாத் தெரியலையா?"

"அமைதியா இருந்துச்சுங்க."

"குஞ்சுக்குச் சூடு சாஸ்தியானா என்ன பண்ணும்?"

"விலகிப் போயிரும்."

"இந்தக் குழந்தைக்கு விலகிப் போகக் கால் இருக்குதா?"

கேள்வி கேக்கறது சுலபங்க.

போகும்போது வாசல்ல நின்னு இன்னொண்ணு கேட்டாங்க. "குழந்தையைக் கடைசியா எப்பத் தூக்கினீங்க?" இன்னும் தூக்கலைன்னேன். ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு மறுபடி அணைச்சாங்க. "சட்டையைக் கழட்டிட்டு ஒரு மணி நேரம் உக்காருங்க, வையாபுரி. உங்களுக்கும் நல்லது"ன்னாங்க. எனக்கு என்ன கேடு?

அவுங்க போனதும் படுதாவைத் திரும்பக் கட்டினேன். ஆமாங்க, கட்டினேன். அவுங்க ஸ்கூட்டியில போயிருவாங்க. சாயந்தரப் பனி எறங்கினா யாரு பார்க்கறது? தொண்ணூத்தஞ்சு வைக்கலை. தொண்ணூறு வெச்சேன். ரெண்டாவது வாரம் ஆயிருச்சில்ல.

கோகிலா நான் கட்டறதைப் பார்த்துக்கிட்டே இருந்தா.

மறு நாள் ஷெட்டுக்குப் போயிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்றேன், தாழ்ப்பாள் திறந்து கெடக்குது. கிருபாகரன் கார் கொண்டாந்திருக்கான். கோகிலா யார்கிட்டப் போனை வாங்கி அவனுக்குப் பேசினாளோ தெரியலை. கேட்டா நர்சம்மாவைத்தான் கேக்கோணும். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. அதுவும் எங்க? மலைக்கு. தை மாசம். இருநூறு வளைவு சுத்திப் போனாலும் இதை விடக் குளிரான ஊர் இந்த ஜில்லாவுல கெடையாது. சூட்டுல இருந்து தப்பிச்சுக் குளிர்ல போய் விழுந்தா என்ன அர்த்தம்?

சார்ட்டுல கடைசிக் கட்டத்தைப் பாருங்க. பதிமூணாம் நாள், சாயந்தரம் நாலு மணி. தொண்ணூறு. அறையில யாரும் இல்லை, ஆனா சூடு சரியா இருந்துச்சு. அதனால எழுதினேன்.

பல்பை நான் அணைக்கலைங்க. வந்தா உடனே வேணுமில்ல. பதிமூணு நாளா எரியுது. ஒரு நாள் அந்த அறைக்குள்ளயே போய் உக்காந்து பார்த்தேன். எப்படித்தான் இருக்குதுன்னு பார்ப்போமேன்னு. கதவைச் சாத்திட்டு உக்காந்தேன். முக்கால் மணி நேரம் இருப்பேன். நெஞ்சு அடைச்சுது, தலை சுத்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன். எனக்கு பிரஷர் இருக்குது, அதான்.

நாலு நாளைக்கு முன்னால கிருபாகரன் போன் பண்ணினான். "மாமா, இங்க சப் சென்டர்ல எடை போட்டோம். ரெண்டு கிலோ அறுநூறு." மெஷின் சரியா இருக்காதுன்னு சொன்னேன். "குழந்தை இருக்கற அறையில எத்தனை டிகிரி?"ன்னு கேட்டேன். "தெரியாதுங்க மாமா. அக்கா மேலயே ஒட்டிக்கிட்டுக் கெடக்குது, அக்கா அசந்தா என் சம்சாரம் மாத்திக்கறா. ஆனா உங்க பாஷையில சொல்றதுன்னா, குஞ்சு இங்க நல்லாப் பரவி நிக்குது"ன்னான். சிரிக்கறான். ஈரத் துண்டை மாத்தத் தெரியாதவன் என்கிட்ட குஞ்சு பாஷை பேசறான்.

"மாப்பிள்ளை, போனைக் கோகிலாகிட்டக் குடு"ன்னேன்.

வாங்கினா. அப்புறம் சொன்னா, "வாங்க. பல்பு வேண்டாம். படுதா வேண்டாம். வந்து சட்டையைக் கழட்டிட்டுப் பாப்பாவை நெஞ்சுல வெச்சு ஒரு மணி நேரம் உக்காருங்க. அதுக்கப்புறம் நான் திரும்பி வர்றதைப் பத்திப் பேசலாம்."

"முடியலைன்னா?"

"முடியலைன்னா அடுத்த பஸ்ஸுல கீழ போயிருங்க."

பதினோரு வருசம் ஆச்சு கல்யாணமாகி. இப்படி ஒரு பேச்சு அவ பேசினதில்லைங்க.

பல்பு வேண்டாம்னுதான் சொன்னா. தெரியும். சும்மா பையில இருக்கட்டும்னு கொண்டாந்தேன். வெளிய எடுக்க மாட்டேன். ரொம்பக் குளிரா இருந்தா மட்டும்தான்.

நெஞ்சுல வைக்கறதுக்கு எனக்கு என்ன பயம்? பயம் இல்லை. ஐயாயிரம் குஞ்சைத் தூக்கின கை. ஒரு நாள்ல ஐயாயிரம். ஆனா குஞ்சு செத்தா எண்ணிக்கையில ஒண்ணு. பெட்டியில தூக்கிப் போட்டுட்டு அடுத்ததைப் பார்க்கலாம். அந்தப் பையனை... அவனையும் நான் தூக்கலைங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு நாளும் கண்ணாடி வழியாப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் தூக்கிக்கலாம்னு இருந்தேன். கடைசியாத்தான் குடுத்தாங்க கையில. அப்ப எத்தனை டிகிரி இருந்துச்சுன்னு எனக்கு இப்பவும் தெரியும். தெர்மாமீட்டர் இல்லாமலே தெரியும்.

ஏன் நிக்குது வண்டி? லாரிங்களா. சவுக்கு ஏத்தின லாரி மாதிரி இருக்குது. வளைவுல மாட்டிக்கிச்சு. நாப்பத்தி அஞ்சாவது வளைவு. இன்சினை அணைச்சுட்டாரு. இனி அவன் பின்னால எடுக்கோணும், நாம பின்னால எடுக்கோணும், கால் மணி நேரம் ஆகும். முன்னாலயும் போக முடியாது, பின்னாலயும் போக முடியாது. உக்காந்திருக்க வேண்டியதுதான்.

எந்திரிக்கறீங்களா? எங்க? இருங்க, வழி விடறேன். வாந்தி வருதுங்களா? பையைப் பார்த்து, பையைப் பார்த்து. அங்க எதுக்குங்க, படிக்கட்டுக்கிட்டக் கதவு திறந்து கெடக்குது, காத்து நேரா அடிக்கும்.

அட.

நீங்களும் கதவோரமாப் போயிட்டீங்களே.

இல்லை, இருங்க. அங்கயே இருங்க. வாயைத் திறந்து நல்லா மூச்சு விடுங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

இங்க சன்னலை நானே திறந்துட்டேன். பார்த்தீங்களா? நீங்க வேணும்னா வரலாம். அவசரமில்லை.

உங்களை ஒரு உதவி கேக்கலாங்களா? படிக்கற கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். சட்டைப் பையில தெர்மாமீட்டர் இருக்குது, குழந்தைக்கு வாங்கினது, பட்டனை அமுக்கினாப் பீப்னு கத்தும். அதை என் அக்குள்ல வெச்சுப் பார்க்கலாம்னு. சும்மாத்தான். பல்புப் பையைக் கீழ வெச்சாத்தான் கையை மடக்க முடியும். இதோ வெச்சுட்டேன். உங்க சீட்டுல வெச்சுட்டேன், பரவாயில்லைங்களா?

மேல் ரெண்டு பட்டன் போதும்.

நல்லாத்தான் குளிருது இந்தக் காத்து.

கத்திருச்சு. கொஞ்சம் வந்து படிச்சுச் சொல்லுங்க. எத்தனை?

தொண்ணூத்தெட்டு. அப்புறம்? புள்ளி ரெண்டு.

பல்பு இல்லாம. படுதா இல்லாம. சன்னலும் திறந்து கெடக்குது.

சரியாப் படிச்சீங்களா? உங்களைச் சந்தேகப்படலைங்க. குடுங்க, மறுபடி வைக்கறேன். செம்மேடு வர்ற வரைக்கும் எறங்காம நிக்குதான்னு பார்க்கோணும். ஒரு மணி நேரம் நிக்கோணும்.